இனிஷியலை எந்தப் பொட்டியில போடுறது?

போன மாசம் தெரியாத ஒருத்தர்கிட்டேருந்து ஒரு மெயில். வடக்க ஒரு யூனிவர்சிட்டில பழைய துறைமுகங்கள் பத்தி ஆராய்ச்சி பண்றாராம், என்னோட கட்டுரை ஒண்ணு ரொம்ப உதவியா இருந்துச்சாம், அதை மேற்கோள் காட்டிருக்கேன்னு பிடிஎஃப் சேத்து அனுப்பிருந்தாரு. சந்தோஷமாத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போயி என் பேரைத் தேடுறேன் தேடுறேன், காணோம். அப்புறம் பார்த்தா அங்க எங்கப்பா நிக்கிறாரு. முழுப் பேரோட, கமா போட்டு, பின்னாடி வாலு மாதிரி ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்துதான் நான்.

எங்கப்பா கவர்மென்ட் பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. பாதி சர்வீஸ் கடலூர்-பாண்டி ரூட்லயே போச்சு. பாண்டிகிட்ட இருக்குற பழைய துறைமுகம் அரிக்கமேடு. அரிக்கமேடுன்னா அவருக்கு, அரியாங்குப்பம் ஸ்டாப்புல எப்பவாச்சும் வெள்ளைக்காரங்க எறங்கி வழி கேப்பாங்களே, அது. அந்த மனுஷன் பேருல இப்ப அரிக்கமேடு பத்தி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை உலகத்துல சுத்திக்கிட்டு இருக்கு.

எப்படி ஆச்சுன்னா, அந்த ஜர்னலுக்கு கட்டுரை அனுப்புறப்ப வெப்சைட்ல ரெண்டு பொட்டி இருந்துச்சு, முதல் பேரு, கடைசிப் பேரு. ரெண்டும் கட்டாயம். கடைசிப் பேர்ல இனிஷியல் ஒரு எழுத்தைப் போட்டா செவப்புல கத்துது, குறைஞ்சது ரெண்டு எழுத்து வேணுமாம். ராத்திரி பன்னெண்டு மணி, அன்னிக்குத்தான் கடைசி நாள், சரின்னு இனிஷியலை விரிச்சு அப்பா பேரைப் போட்டு அனுப்பிட்டேன். அதோட முடிஞ்சுது. பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ்லேருந்து ரேஷன் கார்டு வரைக்கும் ஒரு எழுத்தா சுருங்கிக் கெடந்த அப்பா முழு ஆளா எழுந்துட்டாரு, நான் சுருங்கிட்டேன்.

இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன், ஏன்னா ஜூனியர் பசங்க யாரு வந்து கேட்டாலும் "அக்கா, சைட்டேஷன் போடுறதுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது"ன்னுதான் கேக்குறாங்க, அதுக்குள்ள என்ன போடணும்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

மொத மொத நான் எல்லாத்தையும் கையாலதான் அடிச்சேன். முதல் அத்தியாயம் முழுக்க அடிக்குறிப்பு, எண் போட்டு, அரிக்கமேடு பத்தி எழுதினவங்க பேரும் வருஷமுமா வீலர் 1946, கஸால் 1949, பெக்லி 1983ன்னு. நடுவுல ஒரு பத்தியை எடுத்து மேல வெச்சா, முன்னாடி முழு விவரத்தோட இருந்த குறிப்பு பின்னாடி போயிடும், "மேற்படி"ன்னு போட்டது முன்னாடி வந்து நிக்கும், மேல பார்த்தா எந்தப் படியும் இருக்காது. அப்புறம் கைடு ஒரு நாள் சாவகாசமா டீ குடிச்சுக்கிட்டே "இதை அடிக்குறிப்பா வேணாம்மா, அடைப்புக்குறிக்குள்ள பேரு வருஷம் போடுற மாதிரி மாத்திடு"ன்னாரு. மூணு ராத்திரி. மூணாவது ராத்திரி அழுதேன்னு சொல்றதுல வெக்கமே இல்ல.

லைப்ரரில பக்கத்து டேபிள்ல உக்காந்திருந்த ஒரு சீனியர் அக்காதான் பார்த்துட்டு, "ஏன்டி இன்னும் கையால பண்ற"ன்னு லேப்டாப்பைத் திருப்பி ஸோட்டெரோன்னு மேற்கோள், நூற்பட்டியல் பாத்துக்கிற சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்தாங்க. காசில்லாதது, திறந்த மூலம். 2006ல அமெரிக்காவுல ஜார்ஜ் மேசன் யூனிவர்சிட்டியோட வரலாறு மற்றும் புது ஊடக மையத்துல செஞ்சது, அதாவது ஹிஸ்டரிக்காரங்க செஞ்சது, இதை நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்ககிட்ட கொஞ்சம் பெருமையாவே சொல்லிக்குவேன். வேற நிறைய இருக்கு. எண்ட்நோட் காசு குடுத்து வாங்குறது. மெண்டலேன்னு ஒண்ணு, மெண்டல், மெண்டலீவ் ரெண்டு பேரையும் சேத்து வெச்ச பேரு, 2013ல எல்ஸேவியர் கம்பெனி அதை வாங்கிடுச்சு. ஃபிசிக்ஸ் பக்கம் வேர்டுக்குப் பதிலா லேட்டெக்ஸ்ல எழுதுறவங்க 1985லேருந்து இருக்குற பிப்டெக்ஸை விட மாட்டாங்க, ஜாப்ரெஃப்னு ஒண்ணு வெச்சு அதைப் பராமரிப்பாங்க. எதை எடுத்தாலும் வேலை ஒண்ணுதான், அதனால எது பெருசுன்னு சண்டை போடுறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வரும்.

வேலை என்னன்னா இதுதான். பிரவுசர்ல ஒரு பட்டன், கட்டுரை இருக்குற பக்கத்துல அதை அமுக்கினா ஆசிரியர், தலைப்பு, வருஷம், பக்கம் எல்லாம் வந்து நம்ம லைப்ரரில உக்காந்துக்கும். வேர்டுல எழுதிக்கிட்டே போறப்ப ஸோட்டெரோ டேப்புல சைட்டேஷன் பட்டனை அமுக்கினா ஒரு சின்னப் பட்டை வரும், அதுல "வீலர்"னு ரெண்டு மூணு எழுத்து அடிச்சாலே காட்டும், எண்டர் தட்டினா அடைப்புக்குறியோட உள்ள விழும். அந்தப் பட்டையில விழுந்த பேரு மேல க்ளிக் பண்ணினா பக்க எண் போட இடம் இருக்கு. "வீலர் சொல்றாரு"ன்னு வாக்கியத்துலயே பேரு வந்துட்டா அடைப்புக்குறிக்குள்ள பேரை மறைக்கவும் அங்கயே ஒரு டிக். கடைசில நூற்பட்டியல் பட்டன், ஒரே அமுக்கு, எதெது உள்ள மேற்கோளா இருக்கோ அது மட்டும் அகரவரிசையில வந்து நிக்கும். ஸ்டைல், அதாவது மேற்கோள் எழுதுற முறை, மாத்தணுமா, டாக்குமெண்ட் ப்ரிஃபரன்ஸ்ல போயி வேற ஸ்டைலைத் தொட்டா மொத்தமும் மாறும். அந்த மாதிரி பத்தாயிரத்துக்கு மேல ஸ்டைல் ஃபைல் இலவசமாக் கெடைக்குது. என் மூணு ராத்திரி வேலையை அக்கா ஏறக்குறைய பத்து செகண்டுல பண்ணிக் காட்டினாங்க, எனக்கு சந்தோஷம் வரல, கோவம்தான் வந்துச்சு.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, "இன்வாய்ஸ் மாதிரி"ன்னாரு. ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் டிக்கெட் நம்பர் எதுல நிக்குதுன்னு எழுதிக்கிட்டே வரணும், செக்கிங் ஏறினா எந்த டிக்கெட் எந்த ஸ்டேஜ்ல குடுத்ததுன்னு உடனே தெரியணும், அதைத்தானே மிஷின் எழுதிக் குடுக்குதுங்கிறேன்னாரு. அதேதான்பா. ஆனா மிஷின் தப்பான ஸ்டேஜ் பேரு போட்டா, மாட்டுறது கண்டக்டர்தான்.

அந்த மிஷின் தப்பு போடுற இடம் பேருதான். ஸோட்டெரோ மாதிரி சாஃப்ட்வேர்ல ஆசிரியர்னு இருக்குற இடத்துல ரெண்டு பொட்டி, கடைசிப் பேருக்கு ஒண்ணு, முதல் பேருக்கு ஒண்ணு. வீலருக்கு அது கச்சிதமா பொருந்தும், ஆர்.இ.எம். மூணு எழுத்தும் அவருக்கு வெச்ச பேருங்க, வீலர் குடும்பப் பேரு. நமக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணே கிடையாது. இருக்கிறது அப்பா பேரோட முதல் எழுத்து, சில பேருக்கு அதுக்கும் முன்னாடி ஊரோட எழுத்து.

இந்திய நூலகத் துறைக்கே அப்பான்னு சொல்ற எஸ்.ஆர். ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர்தான், 1892ல பொறந்தவரு, சிதம்பரம் தாண்டி கொள்ளிடத்தைக் கடந்தா அவரு ஊரு. எஸ்ஸுன்னா சீர்காழி, ஆருன்னா அப்பா ராமாமிர்தம், ரங்கநாதன் மட்டும்தான் அவரு. "ரங்கநாதன், எஸ்.ஆர்."னு பட்டியல்ல வந்தா சரியா இருக்கு, ஏன்னா சொந்தப் பேரு கடைசிப் பொட்டியில விழுந்துடுச்சு. அதே ரங்கநாதன் இன்னிக்கு ஒரு வெப்சைட்ல கட்டுரை அனுப்பினா கடைசிப் பேரு என்னன்னு கேக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேம்னு இருந்தா அதையே போட்டிருப்பாரு, "ராமாமிர்தம், ஆர்."னு ஆயிருப்பாரு. நூலை வகைப்படுத்துற வித்தையை உலகத்துக்கே கத்துக்குடுத்த மனுஷனையே ராவன்னாவுல வேற எடத்துல தேடணும்.

பழைய ஆளுங்க இன்னும் தமாஷு. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியை சில பட்டியல்ல "நீலகண்ட சாஸ்திரி, கே.ஏ."ன்னு இங்கிலீஷ் 'என்' எழுத்து வரிசையில போட்டிருப்பாங்க, சில பட்டியல்ல "சாஸ்திரி, கே.ஏ.என்."னு எஸ் வரிசையில. வீலர் கட்டுரையிலயே கூட எழுதின கிருஷ்ண தேவாவை "தேவா, கே."ன்னு போடுறவங்களும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை, பாண்டி யூனிவர்சிட்டி லைப்ரரிக்கே அவரு பேருதான் வெச்சிருக்கு, 1736லேருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினவரு, அவரை பட்டனை அமுக்கி எடுத்தா "பிள்ளை, ஏ.ஆர்."னு வந்து உக்காருறாரு. பிள்ளைங்கிறது அவரு பேரா? என் பட்டியலை ஒரு நாள் உத்துப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, பிள்ளை, சாஸ்திரி, ஐயங்கார்னு சாதிப் பேருங்க எல்லாம் முன்னாடி வந்து நாற்காலி போட்டு உக்காந்திருக்கு, ஆளோட பேரு ஓரெழுத்தா பின்னாடி நிக்குது. சாதிப் பேரை வெச்சிருந்தவங்களுக்கு அந்தப் பொட்டி ரெடியா அளவெடுத்த மாதிரி இருக்கு. அதை வெட்டி எறிஞ்சவங்க பசங்களுக்குத்தான் செவப்புல கத்துது. இதைச் சொன்னா "ஒரு சாஃப்ட்வேர்ல இதெல்லாமா பாப்பாங்க"ன்னு சில பேரு சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும்.

நான் என்ன பண்றேன்னா, ஸோட்டெரோல ஆசிரியர் வரிசைக்குப் பக்கத்துல ஒரு சின்ன பட்டன் இருக்கு, அதை அமுக்கினா ரெண்டு பொட்டியும் சேந்து ஒத்தைப் பொட்டி ஆயிடும். அதுல எழுதினதை வெட்டாது, திருப்பாது, அப்படியே வெக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை ஒத்தைப் பொட்டி. இனிஷியலோட இருக்குற தமிழ்ப் பேருன்னா சொந்தப் பேரு கடைசிப் பேரு பொட்டியில, இனிஷியல் மத்ததுல. கவர்மென்ட், துறை, நிறுவனம் எல்லாம் ஒத்தைப் பொட்டிதான், இதை மறந்துட்டு ஒரு தடவை தொல்லியல் துறை, அதாவது ஆர்க்கியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா, அறிக்கையை ரெண்டு பொட்டியில விட்டுட்டேன், "இந்தியா, ஏ.எஸ்."னு அச்சாகி வந்துச்சு. கைடு அதுக்குக் கீழ கோடு போட்டு "இவரு யாரும்மா, எந்த ஊரு"ன்னு எழுதிருந்தாரு.

பொதுவா பட்டன்ல வர்றது அந்தப் பதிப்பகம் பதிஞ்சு வெச்ச விவரம்தான், சாஃப்ட்வேர் ஒண்ணும் கட்டுரையைப் படிச்சுப் பார்த்து எடுக்கறதில்ல. அதனால கடைசிப் பொட்டியில இருக்கிறது ஆளா அப்பாவான்னு அதுல தெரியாது. கட்டுரையோட முதல் பக்கத்தைத் திறந்து, அவங்க வேற கட்டுரையில எப்படிப் போட்டிருக்காங்கன்னு பார்த்து, அப்பவும் புரியலன்னா மெயில் போட்டுக் கேப்பேன். ஒரு மேடம் "இதைக் கேட்ட மொத ஆளு நீங்கதான்"னு பதில் போட்டாங்க. 2012லேருந்து ஆர்கிட்னு ஒண்ணு இருக்கு, ஆராய்ச்சி பண்றவங்க ஒவ்வொருத்தருக்கும் பதினாறு இலக்க நம்பர், அதுல கடைசிப் பேரு கட்டாயம் இல்ல, வேற எந்தெந்தப் பேருல எழுதிருக்கோம்னும் சேக்கலாம். கட்டுரை அனுப்புறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. நான் பின்னாடிதான் எடுத்தேன்.

என் விஷயத்துல பட்டனுக்கு வேலையே கொஞ்சம்தான், ஏன்னா நான் படிக்கிறதுல பாதி பழசு. டிஓஐ, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் குடுக்குற நிரந்தர நம்பர், 2000 வாக்குல வந்தது. வீலர் 1945ல அரிக்கமேட்டுல தோண்டி, தொல்லியல் துறையோட பத்திரிகையில ரெண்டாவது இதழ்ல 1946ல எழுதினதை நான் ஸ்கேன் காப்பியா வெச்சிருந்தேன், கையாலதான் எல்லாத்தையும் நிரப்பணும். கஸால் எழுதினது ஃபிரெஞ்சு, அதுக்கு மொழின்னு இருக்குற இடத்துல ஃபிரெஞ்சுன்னு குறிக்கணும், இல்லன்னா சில ஸ்டைல்ல இங்கிலீஷ் தலைப்புன்னு நெனச்சு ஒவ்வொரு வார்த்தையும் பெரிய எழுத்தாக்கி வெச்சிடும். பிள்ளையோட நாட்குறிப்பு இங்கிலீஷ்ல பன்னெண்டு தொகுதி, 1904லேருந்து 1928 வரைக்கும் வந்தது, நான் வெச்சிருக்கிறது பின்னாடி வந்த மறுபதிப்பு. மறுபதிப்போட வருஷத்தை மட்டும் போட்டா பிள்ளை ஏதோ நேத்து எழுதின மாதிரி இருக்கும், அதுக்கு எக்ஸ்ட்ராங்கிற இடத்துல மூலப் பதிப்பு வருஷத்தைத் தனியாக் குறிக்கணும். பாண்டி செயின்ட் லூயி வீதியில இருக்குற ஃபிரெஞ்சு இன்ஸ்டிடியூட் மாதிரி எடத்துல போயி நூலைக் கையில வாங்கி, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து அடிக்கிற பதிவுல தப்பு வர்றது கம்மி. பட்டன்ல வந்ததுலதான் எனக்கு எப்பவுமே சந்தேகம்.

ஒரு ஜூனியர் பையன் போன வருஷம் இருபது நூல் பட்டியல் ஒண்ணு கொண்டாந்தான், அழகா ஸ்டைல் பிசகாம இருந்துச்சு, ஏஐகிட்ட கேட்டு வாங்கினதாம். ஸோட்டெரோல மந்திரக்கோல் மாதிரி ஒரு படம் இருக்கு, அதுல டிஓஐ நம்பரைப் போட்டா விவரம் தானா வரும். ஒவ்வொண்ணாப் போட்டோம். சிலது எதுவும் கெடைக்கலன்னுச்சு, ஒண்ணு ஏதோ கல்லீரல் நோய் பத்தின கட்டுரைக்குப் போச்சு. பையன் மூஞ்சி சுண்டிப் போச்சு. அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தேன், வேற என்ன பண்றது.

இன்னொரு கதை தீசிஸ் டைப்பிங் கடைல நடந்தது. வேர்டுல ஸோட்டெரோ போடுற மேற்கோள் வெறும் எழுத்து கிடையாது, உள்ள ஒரு கம்ப்யூட்டர் கோட் ஒளிஞ்சிருக்கும், அதைத் தொட்டா சாம்பல் கலர்ல தெரியும். அதைக் கையால திருத்தவும் கூடாது, திருத்தினா அடுத்த தடவை புதுப்பிக்கறப்ப "நீ மாத்திருக்கியே, வெச்சுக்கவா"ன்னு கேக்கும். மார்ஜின் சரி பண்ணித் தர்றேன்னு மூணாவது அத்தியாயத்தை வாங்கின அண்ணன், மொத்தத்தையும் காப்பி பண்ணி அவரோட ஃபைல்ல வெறும் எழுத்தா ஒட்டிட்டாரு. பார்க்க அப்படியே இருக்கு. தொட்டா சாம்பல் கலர் இல்ல, எல்லாம் செத்துப் போச்சு. "எழுத்தெல்லாம் அப்படியே இருக்குல்ல மேடம், என்ன கொறஞ்சுது"ன்னு கேக்குறாரு, அவர்கிட்ட என்னத்தைச் சொல்றது. பழைய காப்பி மெயில்ல இருந்ததால பொழச்சேன். இப்ப எழுதுற ஃபைல் யாருக்கும் குடுக்கறதில்ல, ஒரு காப்பி எடுத்து அதுல மட்டும் இணைப்பை அறுத்துட்டு, அந்தக் காப்பியைத்தான் கடைக்குக் குடுப்பேன்.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டிகிட்ட கரையைக் கடந்துச்சு, மழை நின்னுச்சுன்னு மூச்சு விட்டா, சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்துடுச்சு. எங்க தெரு ஆத்துப் பக்கம். கட்டிலுக்கு அடில வெச்ச லேப்டாப் பையை எடுக்கணும்னு யாருக்கும் ஞாபகம் வரல, அம்மாவுக்கு அரிசி மூட்டை, அப்பாவுக்கு பென்ஷன் பேப்பர், எனக்குப் பூனை. லேப்டாப் போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு தம்பியோட பழைய கம்ப்யூட்டர்ல ஸோட்டெரோ போட்டு லாகின் பண்ணினா, பதிவுங்க எல்லாம் ஒண்ணு விடாம வந்துடுச்சு. பிடிஎஃப்தான் பாதி இல்ல, இலவசமாக் குடுக்கறது 300 எம்பி, அது எப்பவோ ரொம்பிருக்கு, நான் கவனிக்கல. இதுல வேடிக்கை, நான் வெச்ச குறிப்பும் மஞ்சக் கோடும் தனியா சேமிச்சிருக்கறதால அது பத்திரமா இருக்கு, கோடு போட்ட பக்கம்தான் இல்ல. அதனால வீலர்லேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாத் திரும்ப எறக்கினேன், அவசரத்துல, பட்டனை அமுக்கி.

இப்ப தீசிஸ் முடியுற கட்டம். நூற்பட்டியல் மட்டும் இருபத்தி மூணு பக்கம். கண்ணு பூத்துப் போச்சு, எதைப் பார்த்தாலும் சரியாவே தெரியுது. அப்பா திண்ணையில சும்மா உக்காந்திருந்தாரு, பிரிண்ட் எடுத்து அவர்கிட்ட குடுத்து, "அர்த்தம் பாக்க வேணாம்பா, வரிசை மட்டும் பாருங்க"ன்னேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, சட்டைப் பையிலேருந்து செவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஓரத்துல ஒரு புள்ளி வெச்சுக்கிட்டே போனாரு, டிக்கெட் கட்டு எண்ணுற மாதிரியே. அவர் பேரு வர்ற வரில நின்னு ஒரு தடவை சிரிச்சாரு, புள்ளி வெச்சுட்டுப் போயிட்டாரு. அந்த ஒரு கட்டுரையை நான் மாத்த முடியாது, அச்சானபடிதான் போடணும்.

டபிள்யூ வரிசையில வந்து நின்னுட்டாரு.

"இந்த வீலரு ஒரே வருஷத்துல ரெண்டு எழுதினாரா?"

"இல்லப்பா, ஒண்ணுதான்."

"இங்க 1946 ஏ, 1946 பி-ன்னு ரெண்டு இருக்கே. தலைப்பு ஒண்ணாதான் இருக்கு, பக்கமும் ஒண்ணாதான் இருக்கு. ஒரே டிக்கெட்டை ரெண்டு தடவை கிழிச்சிருக்க."

போயி பார்த்தேன். புயலுக்கு முன்னாடி கையால பதிஞ்சது ஒண்ணு, புயலுக்கு அப்புறம் பட்டன்ல எறக்கினது ஒண்ணு. பழைய அத்தியாயமெல்லாம் முதல் வீலரைக் காட்டுது, புது அத்தியாயம் ரெண்டாவது வீலரை, சாஃப்ட்வேர் ரெண்டு வேற நூல்னு நம்பி ஏ, பி பிரிச்சு ஆறு அத்தியாயத்துலயும் போட்டு வெச்சிருக்கு. கைடு பாக்கல, நானும் பாக்கல. டூப்ளிகேட்ஸ்ங்கிற இடத்துல ரெண்டையும் சேத்து, வேர்டுல ரெஃப்ரெஷ் அமுக்கினதும் ஏயும் பியும் காணாமப் போச்சு, எல்லா இடத்துலயும் வெறும் 1946.

"சரி பண்ணிட்டேன்பா"ன்னு வெளிய வந்து சொன்னேன். அவரு தலையைத் தூக்கல. பெக்லிக்கும் ரெண்டு 1983 இருக்கான்னு பாக்கறதுக்கு மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பிக்கிட்டிருந்தாரு.